தாட்டிவிட்ட பிள்ளை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை வெளியூருக்கு அனுப்பிவைப்பதைத் ‘தாட்டிவிடறது’ என்போம். பிள்ளையைப் படிக்க அனுப்பினாலும் தாட்டிவிடறதுதான், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பினாலும் தாட்டிவிடறதுதான். போகிறவர் வாயில் இந்தச் சொல் வராது. அவர் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். தாட்டிவிட்டவர்தான் வீட்டுக்குத் தனியாகத் திரும்பி நடக்க வேண்டும்.

என் அம்மா என்னைத் தாட்டிவிட்டது 1984-ல். அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து கோவைக்கு அவிநாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் படிக்கப் போனேன். அவிநாசியிலிருந்து கோவை 40 கிலோமீட்டர். பெண்பிள்ளையை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பதா என்று ஒறம்பரை முழுக்க நாயம் பேசினார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “காலேசு பேரே அவிநாசிலிங்கம். நம்ம சாமி பேரு வெச்ச எடத்துல புள்ளைக்கு என்ன வந்துரப்போகுது?” திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் 1957-ல் தொடங்கிய கல்லூரி அது. நிறுவியவரைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சாமியின் பெயர் போதுமாக இருந்தது.

சேரன் போக்குவரத்துக் கழகத்துப் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, வழியில் வருகிற ஊர்களைச் சொல்லச் சொன்னார். தெக்கலூர், கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம், பீளமேடு என்று ஒப்பித்தேன். கோவைக்கு இரண்டே முறை போயிருந்த அம்மா, என்னோடு சேர்ந்து முணுமுணுத்து அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டார். பஸ் கிளம்பிய பிறகு எந்த நேரத்தில் நான் எந்த ஊரைத் தாண்டுவேன் என்று கணக்குப் போட அது உதவியது என்று பல வருடம் கழித்துச் சொன்னார்.

பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு, கண்டக்டரிடம் ஒரு தூக்குப்போசி கொடுத்தனுப்புவார். வார்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காந்திபுரம் பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கிவருவேன். கச்சாயமோ ஒப்பிட்டோ இருக்கும். நடுவில் 15 பைசா கார்டு வரும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், எழுத வராது. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவார். ‘செவலை மாடு கெடேரி போட்டிருக்கிறது. கிணற்றில் ரெண்டு மட்டம் தண்ணீர் கூடியிருக்கிறது. கடலை பிடுங்கியாயிற்று. நலம். நலமறிய ஆவல்.’ அவ்வளவுதான் இருக்கும். என்னைப் பிரிந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வரிகூட வராது. என் அறைத்தோழிகளின் அம்மாக்கள் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு மாட்டையும் கிணற்றையும் பற்றித்தான் தகவல் வரும். அப்போது அது எனக்குக் குறையாகப் பட்டது.

அந்த வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி சுடப்பட்டார். பஸ்கள் நின்றுபோயின. எங்கள் ஊரில் தொலைபேசி கிடையாது. மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசலில் அப்பா நிற்கிறார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். டி.வி.எஸ். 50-ல் 40 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தலையெல்லாம் புழுதி. “ஒண்ணுமில்ல கண்ணு. உங்கம்மா பாத்துட்டு வரச் சொன்னா” என்றார். பாட்டில் தண்ணீரைக் குடித்தார். இரண்டு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சண்டை பிடித்தேன். “நாப்பது கிலோமீட்டருங்ம்மா. அமெரிக்காவுக்கா போயிட்டேன்?”

அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்பில் கொள்ளுப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அதைக் கடையப் போய்விட்டார்.

நான் கட்டிக்கொண்டு போன வீடு பனியன் தொழிலில் இருந்தது. கிணறுகள் வற்றத் தொடங்கியதும் எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் பலர் செய்ததைத்தான் என் மாமனாரும் செய்தார். தோட்டத்தில் ஒரு பகுதியை விற்று, நிட்டிங் மெஷின் வாங்கிப்போட்டு, திருப்பூர்க் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் ஓட்டினார். 1995-ல் மிலான் நகரில் ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடந்தபோது என் வீட்டுக்காரர் போய்வந்தார். கோவைக்கென்று தனியாகப் பாஸ்போர்ட் அலுவலகம் வராத காலம். எல்லாவற்றுக்கும் திருச்சிக்கு அலைய வேண்டும். எட்டுப் பேராகச் சேர்ந்து போனார்கள். தனியாகப் போவது என்கிற பேச்சே எழவில்லை. அப்போது என் மகள் வயிற்றில் ஆறு மாதம்.

எங்கள் கொட்டகையில் ஜெர்மனியிலிருந்து வந்த மேயர் அண்ட் சீ மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் உடம்பில் ஆல்ப்ஸ்டாட் என்று அந்த ஊரின் பெயர் பொறித்திருக்கும். மகள் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படித்த முதல் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. “இந்த ஊரு எங்கிருக்குதுங்ப்பா?” என்று கேட்பாள். அவர் மேற்குப் பக்கமாகக் கையைக் காட்டுவார். அந்தக் கை காட்டிய திசையில்தான் பிற்பாடு அவள் போனாள்.

2019-ல் அவளுக்கு 23 வயது. ஜவுளித் தொழில்நுட்பம் படித்து முடித்திருந்தாள். மேற்படிப்புக்கு ஜெர்மனியின் மேற்கு மூலையில், மோன்ஷன்கிளாட்பாக்கில் இருக்கிற நீடர்ரைன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஜவுளிக் கல்விக்குப் பெயர்பெற்ற இடம். கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு வருடத்துச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதை மாதாமாதம் அளந்து எடுக்கத்தான் விடுவார்கள். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. நாங்கள் கட்டும்போது கொஞ்சம் குறைவு. அதற்கே கடைசியாக மிஞ்சியிருந்த காட்டின் பத்திரம் பாங்கிக்குப் போனது. கலியாணம் பண்ணாமல் பிள்ளையைத் தாட்டிவிடுகிறீர்களா என்று ஒறம்பரையில் மறுபடியும் நாயம் எழுந்தது. சாமி பெயரை வைத்த கல்லூரியைக் காட்டி வாயடைக்க இந்த முறை வழியில்லை. “அவ போறாளுங்க” என்று மட்டும் சொன்னேன்.

நெடும்பாசேரியிலிருந்து விமானம். எங்கள் வீட்டுக்கு வடக்கே ஓடுகிற அதே தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் என்று போக வேண்டும். இந்த வழியில் போகும்போது அவிநாசிக்காரர்களுக்குச் சுந்தரர் நினைப்பு வராமல் இருக்காது. அந்தக் கதை எங்கள் ஊரின் உயிர். திருப்புக்கொளியூர் என்பது அவிநாசியின் பழைய பெயர். ஆரூரிலிருந்து சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிற சுந்தரர் இந்த ஊர்த் தெரு வழியாக வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஓசை. எதிர் வீட்டில் அழுகை. விசாரிக்கிறார். ஐந்து வயதில் இரண்டு பிள்ளைகள் குளத்தில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்தவனுக்கு இன்று பூணூல் கலியாணம். இழந்தவர்கள் எதிர் வீட்டில் அழுகிறார்கள். சேக்கிழார் இந்த இடத்தில் சொல்கிற ஒன்றை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சுந்தரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தத் தாயும் தகப்பனும் துக்கத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்து அவரை வணங்குகிறார்கள். பிள்ளையை இழந்தவர்கள் யார் என்று அவர் கேட்ட பிறகுதான் நாங்கள்தான் என்கிறார்கள். அந்த முகமலர்ச்சிதான் சுந்தரரை அசைத்தது. குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடினார். முதலை வந்து, கழிந்துபோன வருடங்களின் வளர்ச்சியோடு பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. தாய் ஓடிப்போய் வாரியெடுத்தாள்.

வறண்டு கிடந்த குளத்தில் தண்ணீர் பெருகி அதில் முதலை வந்தது என்றும் எங்கள் ஊரில் சொல்வார்கள். தாமரைக்குளம் இன்றைக்கும் இருக்கிறது. பங்குனியில் அந்தத் திருவிழா நடக்கிறது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் நானும் பார்த்திருக்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டும்போது எனக்குள் இருந்தது அந்தக் கதையின் அடுத்த பாதி. அவிநாசியிலிருந்து போன சுந்தரர் கொடுங்கல்லூரைச் சேர்ந்தார். அங்கே திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் ஏறிக் கயிலைக்குப் போனார் என்பது புராணம். பிறகு திரும்பவில்லை. கொடுங்கல்லூர் நெடும்பாசேரிக்குப் பக்கம்தான். நல்ல காரியத்துக்குக் கிளம்பியிருக்கும்போது இதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று தெரியும். குதிரான் மலை வளைவுகளில் லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் விழிக்கும் முன்பே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு என் கையில் என்னென்னவெல்லாம் இருந்தன! விமானம் அரபிக்கடல் மேல் எங்கே பறக்கிறது என்று செல்போனில் பார்த்தேன். அவள் இருக்கிற ஊரின் குளிரை எங்கள் ஊர் வெயிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். கடைசியாக எப்போது வாட்ஸப்பில் வந்தாள் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டி ஜெர்மனி நேரம் வைத்தார். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிற்றில் மூன்றரை மணியாகிவிடும். அக்டோபர் கடைசியில் மறுபடி நாலரை. வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைப்பார். அவர் வாயைத் திறந்து ஏக்கத்தைச் சொன்னதில்லை. அந்த ஸ்டூலில் ஏறுவதுதான் அவர் சொன்னது.

அந்த டிசம்பர் விடுமுறையில் அவள் தனியாகப் பிராக் நகரத்துக்குப் போனாள். பஸ்ஸில், இரவுப் பயணம், துணைக்கு யாருமில்லை. நெதர்லாந்தின் வென்லோவுக்கு ரயிலேறிக் காய்கறி வாங்கி வருகிற பிள்ளைக்கு நாட்டின் எல்லை பெரிதாகத் தெரியவில்லை. நமக்குப் பல்லடம் போய்வருகிற மாதிரி. எனக்கு அப்படித் தெரியவில்லை. அன்று இரவு ஆறு தடவை கூப்பிட்டேன். கடைசியில் எடுத்தவள் கோபப்படவில்லை. “அமுச்சி உங்கள இப்படித்தான் கூப்ட்டுட்டே இருந்தாங்களாங்ம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அமுச்சிக்கு ஏது போன்? கண்டக்டரும் கார்டும்தான். அவ்வளவுதான் இருந்தது, அதை வைத்துக்கொண்டே அம்மா மூன்று வருடம் இருந்தார். கையில் எல்லாம் இருந்தும் எனக்கு மூன்று மணி நேரம் பொறுக்க முடியவில்லை. தெரிந்துகொள்ள வழி பெருகப் பெருகப் பயமும் பெருகுகிறது என்பதை என் உடம்பில்தான் கண்டேன். நீல டிக் விழவில்லையென்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். விழுந்து பதில் வரவில்லையென்றால் இன்னும் அடித்துக்கொள்ளும்.

2020 பிப்ரவரி 20-ஆம் தேதி விடியற்காலையில் என் போன் அடித்தது. அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். “அம்மா, அப்பா எங்கீங்க? நீங்க எங்க இருக்கீங்க?” என்று அழுதுகொண்டே கேட்டாள். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பஸ் மீது அவிநாசிக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர் இறந்துபோன நாள் அது. செய்தியில் ‘அவிநாசி’ என்ற பெயரைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், அந்தப் பெயர் போதுமாக இருந்தது. உலகத்தின் மறுகோடியில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ வீட்டு வாசல் ரோட்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை காலையில் வந்துவிடும் என்று எர்ணாகுளத்திலும் திருச்சூரிலும் சோறாக்கி வைத்துக் காத்திருந்த தாய்மார்களை இப்போதும் அந்த இடத்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் கொரோனா வந்தது. மார்ச் கடைசி வாரத்தில் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தினார்கள். மீட்புக்கென்றும் தனி ஏற்பாட்டிலும் விட்ட விமானங்கள் தவிர, வழக்கமான சேவை 2022 மார்ச் 27-ல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் படிப்பை முடித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். அந்த நாட்களில் தினமும் கேட்பேன். “சாப்ட்டயா கண்ணு?” “சாப்ட்டேங்ம்மா.” “ஒடம்பு?” “நல்லா இருக்குதுங்ம்மா. இங்க செர்ரிப் பூ பூத்திருக்குது.” பூவைப் படம் பிடித்து அனுப்புவாள். நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

2022 ஏப்ரலில் அவளைக் கூட்டிவரப் போனோம். குதிரானில் சுரங்கப்பாதை திறந்துவிட்டிருந்தார்கள். போகும்போது ஊர்ந்து கடந்த மலையை இந்த முறை கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிட்டோம். வெளியே வந்தவளைப் பார்த்ததும் ஒரு கணம் என் கால் நகரவில்லை. இடுப்புவரை பின்னிய கூந்தல் தோளோடு நின்றிருந்தது. நடை மாறியிருந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற அந்தப் பெண்ணுக்கு 26 வயது. நான் தாட்டிவிட்டது 23 வயதுப் பிள்ளையை. நடுவிலிருந்த இரண்டரை வருடம் எனக்குக் கண்ணாடித் திரையில் விரல்கடை அகலத்துக்குத்தான் தெரிந்திருந்தது. தாமரைக்குளத்துக் கரையில் அந்தத் தாய் வாரியெடுத்ததும் தான் கண்ணில் காணாத வருடங்களைச் சுமந்த பிள்ளையைத்தான். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எந்தத் திருவிழாவிலும் சொல்வதில்லை. எத்தனை நாள் அந்தப் பிள்ளையை உட்கார்த்திவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்?

“எளச்சுட்டயே சாமி” என்றேன்.

“நீங்கதாங்ம்மா எளச்சுட்டீங்க” என்று என் நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள். அவள் பார்க்காத வருடங்கள் எங்கள் மேலும் ஏறியிருந்தன.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அரிசியும் பருப்பும் சோறு சாப்பிட்டபோது சாதாரணமாகச் சொன்னாள். 2020 ஏப்ரலில் அவளுக்குப் பதினோரு நாள் காய்ச்சல். அறையில் தனியாக இருந்திருக்கிறாள். மேல்மாடியில் குடியிருந்த பாட்டி ஒருத்தி தினமும் கதவுக்கு வெளியே சூப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செர்ரிப் பூப் படமெல்லாம் ஜன்னலிலிருந்து எடுத்தது.

“ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லுல?”

“சொன்னா உங்களால என்னங்ம்மா பண்ணியிருக்க முடியும்? பிளேனும் இல்ல. பூவப் பாத்தாத் தூங்குவீங்கன்னுதான்.”

எழுந்து உள்ளே போனேன். அம்மா 2011-ல் காலமான பிறகு அவர் டிரங்குப் பெட்டியை நான் எடுத்துவந்திருந்தேன். அதில் நான் விடுதியிலிருந்து எழுதிய கார்டுகள் தேதிவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் எனக்கு அனுப்பியவற்றையும் அதே பெட்டியில்தான் போட்டுவைத்திருக்கிறேன். 1984 நவம்பர் முதல் வாரத்துக் கார்டைத் தேடி எடுத்தேன். அப்பா புழுதித் தலையோடு வந்து பார்த்துவிட்டுப் போன அந்த வாரம். வாத்தியார் கையெழுத்தில் இருக்கிறது: ‘மழை நல்லபடியாகப் பெய்தது. சோளம் ஒரு சாண் உயரம் வந்திருக்கிறது. நலம்.’ பிறத்தியார் கையால் எழுதுகிற கார்டில் தன் பயத்தை எப்படிச் சொல்லுவார்? தன் கையாலேயே எழுத வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. மூன்று நாள் சோறிறங்காமல் பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை அப்பாதான் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். எனக்குக் குறையாகப் பட்ட அந்த மாடும் கிணறும்தான் அம்மா எனக்குத் தந்த தூக்கம். அமுச்சியின் கார்டு ஒன்றைக்கூடப் பார்த்திராத பேத்தி, எங்கோ ஒரு ஜன்னல் ஓரத்தில் காய்ச்சலோடு நின்றுகொண்டு அதையே எழுதியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் தனியாகப் போகும்போதெல்லாம் நான் ஆறு தடவை கூப்பிடுவதில்லை. பயம் குறைந்தபாடில்லை. ஆனாலும் ஊர் விசேஷம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகிற தண்ணீரை ஆறு நிலையங்களில் ஏற்றி இறைத்து 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருகிற திட்டம். 60 வருடத்துக்கு மேலாக எங்கள் சனம் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர். அம்மா இருந்து பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் குட்டைக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்த அன்று ஊரே கரையில் நின்றது. வெடித்துக் கிடந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. போனில் படம் எடுத்தேன். மகள் அப்போது லிஸ்பனில் இருந்தாள், தனியாக. ‘குட்டைக்குத் தண்ணி வந்துருச்சு கண்ணு. மாமரம் புதுசா துளுத்திருக்குது. அப்பா நல்லா இருக்கறாரு’ என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘பாத்தேங்ம்மா. சாப்ட்டேன். இங்க கடல் நல்லா இருக்குது.’